விண்டேஜ் ரீஇஷ்யூ என்றால் தமிழில் என்ன?

மின் கிட்டார் வாங்கலாம் என்று விலைப்பட்டியலைப் புரட்டுகிறவர் எவரும் இந்த இரட்டைச் சொல்லில் ஒருமுறையாவது இடறியிருப்பார். விண்டேஜ் ரீஇஷ்யூ. கிட்டார் போன மாதம்தான் தொழிற்சாலையை விட்டு வந்திருக்கும். ஆனால் பெயரோடு 52 என்றோ 57 என்றோ 62 என்றோ ஓர் ஆண்டு ஒட்டிக்கொண்டிருக்கும். அதே நிறுவனத்தின் சாதாரண மாடலைவிட விலை பெரும்பாலும் கூடுதல், வசதி குறைவு. பழைய மாடலைத் திரும்பவும் செய்து விற்கிறார்கள் என்று ஒரே வரியில் சொல்லி முடித்துவிடலாம். ஆனால் வசதி குறைந்த பொருளுக்குக் கூடுதல் பணத்தை எதற்காக ஒருவர் மனமுவந்து எடுத்து வைக்கிறார் என்பது அந்த வரியில் வராது. அதற்கான விடை இந்த இரண்டு சொற்களுக்குள்ளேயே கிடக்கிறது.

விண்டேஜ் என்றால் பழசு என்றுதான் நாம் எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பிறப்பில் அந்தச் சொல்லுக்கும் பழமைக்கும் சம்பந்தமே இல்லை. லத்தீனில் வீனும் என்றால் திராட்சை மது. தேமெரே என்றால் எடுத்தல், பறித்தல். இரண்டும் சேர்ந்த விண்தேமியா, திராட்சை அறுவடை. பிரெஞ்சுக்காரர்கள் வாயில் அது வாந்தாஞ்ச் ஆயிற்று. ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது, மது வணிகரைக் குறிக்கும் விண்ட்னர் என்ற சொல்லின் சாயல் அதன்மேல் ஏறி விண்டேஜ் என்று நின்றுவிட்டது. நம் பேச்சில் சொன்னால் போகம். முப்போகம் விளையும் பூமி என்கிறோமே, அந்தப் போகம்தான்.

அறுவடையைக் குறித்த சொல், அந்த அறுவடையில் வந்த மதுவையும் பிறகு அந்த ஆண்டையும் குறிக்கத் தொடங்கியது. ஒரே தோட்டம்தான், ஒரே கொடிதான். ஆனாலும் மழையும் வெயிலும் அமைந்த விதத்தில் ஒரு வருடத்து மது பேர் சொல்லும், அடுத்த வருடத்தது சுமாராக இருக்கும். ஆகவே ஆண்டைப் பார்த்து வாங்கினார்கள். எந்த விண்டேஜ் என்று ஒருவர் கேட்டால் எத்தனை வருடப் பழசு என்று அவர் கேட்கவில்லை, எந்த வருடத்து விளைச்சல் என்று கேட்கிறார். கார்களுக்கு இந்தச் சொல் போனபோதும் ஆண்டுக் கணக்கு கூடவே போனது. பிரிட்டனில் 1934-ல் தொடங்கிய விண்டேஜ் ஸ்போர்ட்ஸ்-கார் கிளப்பின் கணக்கில் 1930-ஓடு விண்டேஜ் முடிந்தது. கிளப் தொடங்கிய நாளில் அந்த வண்டிகளில் சிலவற்றுக்குப் பத்து வயதுகூட ஆகியிருக்கவில்லை! (வேடிக்கை என்னவென்றால், பழைய பாணி உடைகளுக்கு இன்று பிரெஞ்சுக்காரர்களும் விண்டேஜ் என்றுதான் சொல்கிறார்கள். தங்கள் வீட்டிலிருந்து போன சொல்லை ஆங்கிலத்திடமிருந்து திரும்பக் கடன் வாங்கியிருக்கிறார்கள். அறுவடைக்கு வாந்தாஞ்ச் அப்படியே இருக்கிறது.)

கிட்டாருக்கு இந்தச் சொல் ஒட்டியதற்கும் ஓர் ஆண்டுக் கோடுதான் காரணம். அமெரிக்காவில் மின் கிட்டார் செய்த லியோ ஃபெண்டரின் டெலிகாஸ்டர் அந்தப் பெயரைப் பெற்றது 1951-ல், ஸ்ட்ராடோகாஸ்டர் வந்தது 1954-ல். 1965 ஜனவரியில் அவருடைய ஃபெண்டர் நிறுவனத்தை சிபிஎஸ் என்ற ஒலிபரப்பு நிறுவனம் வாங்கியது. அந்த வருடக் கடைசியிலேயே ஸ்ட்ராடோகாஸ்டரின் தலைப்பகுதி பெருத்துப்போனது, பிறகு மெல்லிய பூச்சு போய்த் தடித்த பாலியெஸ்டர் வந்தது, 1971 வாக்கில் நெக்கை, அதாவது கம்பிகள் ஓடும் நீண்ட கழுத்தை, உடலோடு பிடிக்கும் நான்கு ஸ்க்ரூ மூன்றாகக் குறைந்தது. ஒரே நாளில் எல்லாம் கெட்டுவிடவில்லை. ஆனால் வாசிக்கிறவர்கள் கோடு கிழித்துவிட்டார்கள். சிபிஎஸ்-க்கு முந்தியது, பிந்தியது. நல்ல போகம், சுமாரான போகம் என்ற மது வியாபாரிகளின் கணக்கு அச்சு மாறாமல் இங்கே வந்து உட்கார்ந்துகொண்டது.

போட்டி நிறுவனமான கிப்சன் பக்கம் கதை இன்னும் விசித்திரம். 1958 முதல் 1960 வரை அவர்கள் செய்த, செவ்வொளி படர்ந்த லெஸ் பால் ஸ்டாண்டர்ட் அன்று விலைபோகவில்லை. ஏறத்தாழ 1500 செய்துவிட்டு அந்த வடிவத்தையே நிறுத்தினார்கள். 1966-ல் பிரிட்டிஷ் கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன் அப்படிப்பட்ட ஒன்றை ஜான் மேயாலின் இசைக்குழுவில் வாசித்து ஒலித்தட்டில் பதிந்த பிறகுதான் ஊரெல்லாம் அதைத் தேடத் தொடங்கியது. நிறுவனமும் 1968-ல் லெஸ் பாலைத் திரும்பக் கொண்டுவந்தது, ஆனால் அந்தச் செவ்வொளி ஸ்டாண்டர்டாக அல்ல. அன்று சீந்துவாரில்லாத அந்த 1500 கிட்டார்தான் இன்று ஒவ்வொன்றும் சில லட்சம் டாலருக்குப் போகிறது.

சரி, ரீஇஷ்யூவுக்கு வருவோம். ரீ என்பது மறு. இஷ்யூ பழைய பிரெஞ்சு வழி வந்தது. லத்தீனில் எக்ஸிரே, வெளியே போதல். வெளியே விடுவது இஷ்யூ, வெளியில் இடுவது வெளியீடு. இரண்டு மொழியும் தனித்தனியே ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. ஆகவே மறுவெளியீடு என்றால் சொல்லுக்குச் சொல் சரி. ஆனாலும் எனக்கு அதில் முழுத் திருப்தி இல்லை. ஒரு படத்தைத் திரும்பத் திரையிட்டாலும் மறுவெளியீடுதான். அங்கே இருந்த பொருளே மறுபடி வெளியே வருகிறது. கிட்டாரை அப்படிச் செய்ய முடியாது. மரத்தை அறுத்து, கம்பியைச் சுற்றி, முதலிலிருந்து செய்தாக வேண்டும்.

மறுபதிப்பு என்ற சொல் இதற்குப் பொருந்துகிறது. தாள் புதிது, மை புதிது, பாடம் மட்டும் பழையது. இன்னொரு லாபமும் உண்டு. மறுபதிப்பு என்றால் உரிமை உள்ளவர் போட்டது என்று சொல்லாமலே விளங்கும். அதே வடிவத்தை வேறொருவர் செய்தால் அது நகல். நகலின் தலையில் மூலத்தின் பெயரையும் எழுதி விற்றால் போலி. நிறுவனங்கள் மறுபதிப்புக்கு இறங்கியதே நகல்கள் கொடுத்த நெருக்கடியில்தான். 1970-களின் கடைசியில் ஜப்பானில் டோக்காய் போன்றவர்கள் ஐம்பதுகளின் கிட்டார்களை அச்சுப் பிசகாமல் செய்து விற்க ஆரம்பித்தார்கள். மூலம் செய்தவர்களின் புதுச் சரக்கைவிட நகலே மூலத்துக்கு நெருக்கமாக இருந்தது. ஃபெண்டர் விழித்துக்கொண்டு 1982-ல் 52 டெலிகாஸ்டர், 57 மற்றும் 62 ஸ்ட்ராடோகாஸ்டர் என்று மூன்று மறுபதிப்புகளை அறிவித்தது. அதே ஆண்டு ஜப்பானிலேயே ஒரு கிளையும் தொடங்கி அங்கேயும் மறுபதிப்பு போட்டது.

மறுபதிப்பு என்றால் பிழையையும் சேர்த்தேதான் பதிப்பிக்க வேண்டும். இதைக் கையில் எடுத்துப் பார்த்தால்தான் புரியும். கம்பியின் அதிர்வை மின்குறியாக மாற்றும் பாகம் பிக்கப். ஸ்ட்ராடோகாஸ்டர் பிக்கப்பில் கம்பிக்கு ஒன்றாக ஆறு காந்தக் குச்சிகள் நிற்கும், உயரம் ஒன்றுபோல் இருக்காது. ஐம்பதுகளில் மூன்றாவது ஜி கம்பி மேலே இழை சுற்றிய தடித்த கம்பி. அதன் ஒலி பிக்கப்பில் மெலிந்து விழுந்ததால் அதற்கடியில் உள்ள குச்சியை உயர்த்தி வைத்தார்கள். பிறகு எல்லாரும் வளைத்து இழுக்கத் தோதான மெல்லிய, சுற்றில்லாத ஜி கம்பிக்கு மாறிவிட்டார்கள். இந்தக் கம்பி தானாகவே உரக்க ஒலிப்பது. 57 மறுபதிப்பில் குச்சி இன்னும் உயர்ந்தே நிற்கிறது. ஆறு கம்பியையும் ஒரே வீச்சில் மீட்டினால் ஜி மட்டும் முந்திக்கொண்டு கத்தும். எத்தனையோ பேர் அதை இந்த வகை பிக்கப்பின் குணம் என்று ரசிக்கிறார்கள்.

நெக் வளைவைச் சரிசெய்வது அடுத்த சோதனை. நவீன கிட்டாரில் தலைப்பக்கம் ஒரு துளை இருக்கும், சாவியை விட்டுத் திருகினால் வேலை முடிந்தது. ஐம்பதுகளின் முறையில் திருகுமறை நெக்கின் அடிப்பக்கம், உடலுக்குள் மறைந்து கிடக்கும். கம்பியைத் தளர்த்து, நான்கு ஸ்க்ரூவையும் கழற்று, நெக்கை வெளியே எடு, கால் சுற்றுத் திருகு, எல்லாவற்றையும் மாட்டி, சுருதி சேர்த்துப் பார். சரியாகவில்லையா, மறுபடியும் முதலிலிருந்து. இத்தனைக்கும் தலைப்பக்கமே திருகும் வசதியை ஸ்ட்ராடோகாஸ்டருக்குக் கொண்டுவந்தது, எல்லாரும் திட்டும் அந்த 1971-தான். கோட்டுக்கு அந்தப் பக்கம் விழுந்த நல்லதையும் சேர்த்துத் தள்ளிவிட்டார்கள்.

ஸ்விட்ச் விஷயத்தில் மட்டும் ஒரு சமரசம் செய்தார்கள், அதுவும் நகைச்சுவையானது. எந்த பிக்கப் ஒலிக்க வேண்டும் என்று தேர்ந்தெடுப்பது இந்த ஸ்விட்ச். மூலத்தில் மூன்று நிலை ஸ்விட்ச்தான். இரண்டு நிலைகளுக்கு நடுவே அதை நிறுத்தினால் இனிமையான ஒரு கலவை ஒலி வரும் என்பதை வாசித்தவர்கள்தான் கண்டுபிடித்தார்கள். அதைப் பார்த்து 1977-ல் நிறுவனமே ஐந்து நிலை ஸ்விட்ச் கொடுத்தது. 1982-ன் மறுபதிப்பு என்ன செய்தது? மூலத்துக்கு விசுவாசமாக மூன்று நிலை ஸ்விட்சை மாட்டி, ஐந்து நிலை ஸ்விட்சைப் பெட்டிக்குள் தனியே போட்டுக் கொடுத்தது. மூலபாடம் உள்ளே, திருத்தம் பிற்சேர்க்கையில்!

பதிப்புத் தொழிலின் இன்னொரு தலைவலியும் இங்கே உண்டு, ஒரே நூலின் பிரதிகள் ஒன்றுக்கொன்று மாறுபடும் பாடபேதம். அன்றைய நெக்குகளைக் கையால்தான் இழைத்து முடித்தார்கள், ஒன்றின் பருமன் இன்னொன்றில் இருக்காது. கிப்சனின் இரட்டைச் சுருள் பிக்கப் 1957-ல் லெஸ் பாலுக்கு வந்தது. கிப்சனின் பொறியாளர் சேத் லவர் வடிவமைத்தது. காப்புரிமைக்கு விண்ணப்பித்திருக்கிறோம் என்று அடியில் ஒட்டிய சீட்டின் ஆங்கில முதலெழுத்துகளே பிஏஎஃப் என்று அதற்குப் பெயராகிவிட்டன. அதன் சுருளில் கம்பியின் சுற்று எண்ணிக்கை ஒன்றுக்கொன்று மாறும். அப்படியிருக்க, 59 மறுபதிப்பு என்றால் எந்த 59? பல மூலங்களை அளந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியதுதான். தாளும் பழையபடி கிடைப்பதில்லை. விரல்பலகைக்கு அன்று போட்ட பிரேசில் நாட்டு ரோஸ்வுட்டின் வணிகம் 1992-லிருந்து பன்னாட்டு உடன்படிக்கையால் கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது. மறுபதிப்புகள் பலவற்றில் இருப்பது நம்ம ஈட்டி மரம், தோதகத்தி என்றும் சொல்வோமே, அதுதான்.

பாடம் கிடைத்தது, பிழையும் கிடைத்தது. வயது மட்டும் கிடைக்கவில்லை. நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு மெல்லியது. காலப்போக்கில் மஞ்சளிக்கும், குளிரில் நுண்ணிய விரிசல் விடும், முழங்கை உரசும் இடத்தில் தேய்ந்து மரம் தெரியும். அதையும் தொழிற்சாலையிலேயே செய்து தர 1995-ல் ஃபெண்டரின் கஸ்டம் ஷாப் இறங்கியது. வைத்த பெயர் ரெலிக். புனிதர்களின் எலும்பையும் உடையையும் குறிக்கும் சொல் அது, தமிழ்க் கத்தோலிக்கர்கள் திருப்பண்டம் என்பார்கள். புதுக் கிட்டாரைச் சுரண்டி, துருவேற்றி, திருப்பண்டமாக்கி விற்கிறார்கள். எனக்கு இது ஒட்டவில்லை. கைபழகிய பொருள் ஒரு வகை, கைபழகியதுபோல் வேடமிட்டது வேறு வகை. ஆனால் வாசித்துப் பார்த்தால் விளிம்பு மழுங்கிய அந்த நெக் உள்ளங்கைக்கு இதமாகத்தான் இருக்கிறது, அதையும் மறைக்க வேண்டாம்.

இனி விண்டேஜுக்குத் தமிழ். பழங்கால என்றால் அருங்காட்சியக வாடை வருகிறது. தொன்மை இன்னும் தூரம். பழம்பாணி என்பது ரெட்ரோவுக்குப் பொருந்தும், பாணி மட்டும் பழசு, அளவு பழசாக இருக்க வேண்டியதில்லை. எனக்குத் தோன்றுவது தேறுதல். சங்கப் பாடல்களில் தேறல் என்றால் தெளிந்த மது. கலங்கியது அடங்கித் தெளிவது தேறுவது. பரீட்சையில் தேறுவதும், நோயிலிருந்து தேறுவதும், இது தேறாது என்று நாம் தள்ளிவிடுவதும் அதே வேர். மதுவையும் மதிப்பையும் ஒன்றாகக் கட்டிய சொல் நம்மிடமே இருக்கிறது. ஐம்பதுகளிலும் சொத்தைக் கிட்டார்கள் வந்திருக்கும், அவை எப்போதோ பரணுக்கோ அடுப்புக்கோ போயிருக்கும். மிஞ்சி வந்தவை தேறியவை. ஆகவே மூலத்தைக் காலந்தேறிய கிட்டார் என்று சொல்லலாம்.

மறுபதிப்போடு அந்த அடைமொழியைச் சேர்க்கத் தேவையில்லை. மறுபதிப்பு புதிது, அதற்குத் தேற நேரமே கிடைத்திருக்காது. அதோடு, விண்டேஜின் முதல் பொருளான ஆண்டு ஏற்கெனவே பெயரில் நிற்கிறதே. 57 மறுபதிப்பு என்றால் போதும். கடைக்காரர்களும் பாதி நேரம் அப்படித்தான் சொல்கிறார்கள்.

பழைய கிட்டார் சந்தையில் மட்டும் ஒரு சிக்கல் வரும். 1982-ல் 57-ஐ மறுபதிப்பித்தபோது மூலத்துக்கு வயது 25. அந்த மறுபதிப்புக்கே இப்போது நாற்பது தாண்டிவிட்டது. பூச்சு மஞ்சளித்து, விரல்பலகையில் பதித்த உலோகப் பட்டிகளான ஃப்ரெட் தேய்ந்து, அதையும் விண்டேஜ் என்று விற்கிறார்கள். ஜப்பானில் செய்த முதல் தொகுதிக்குத் தனி மவுசே உண்டு, வரிசை எண்ணில் ஜேவி என்ற எழுத்தைப் பார்த்து வாங்குகிறார்கள். ஆகவே இரண்டு ஆண்டையும் எழுதிவிடுவது நல்லது: ஸ்ட்ராடோகாஸ்டர், 57 மறுபதிப்பு, செய்தது 1982.