எஸ்.எஸ். வெல்ட் ஓரத்தில் ஏறும் நீலம்: பிரஷ் போட்டால் தீராது

304, 316எல் ரக எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) பைப்பில் டிக் வெல்டிங் (ஆர்கான் வாயுக் காப்பில் செய்யும் ஆர்க் வெல்டிங்) முடிந்ததும் ஜாயின்ட்டின் இருபுறமும் மஞ்சள், பழுப்பு, ஊதா, நீலம் என்று பட்டை பட்டையாக நிறம் ஏறியிருக்கும். "பிரஷ் போட்டா போயிடும்" என்பதுதான் பட்டறைகளில் வழக்கமான பதில். நிறம் போய்விடும், உண்மைதான். ஆனால் பால், மருந்து, குடிநீர் லைன்களில் வெல்டை ஒட்டியே ஊசித் துளை விழுந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்த நிறப் பட்டையைத்தான்.

எஸ்.எஸ்.ஸின் மேல் இயல்பாக இருக்கும் ஆக்சைடு படலம் சில நானோமீட்டர் கனம்தான். சூடேறினால் அது தடிக்கிறது. தடித்த படலத்தில் ஒளி பட்டுத் திரும்பும்போது, சோப்புக் குமிழியில் தெரிவதுபோல நிறம் தெரிகிறது. 304-ஐக் காற்றில் சூடாக்கினால் சுமார் 290 டிகிரி செல்சியஸில் வெளிர் மஞ்சள், 370-ல் அடர் மஞ்சள், 450-ல் அடர் ஊதா, 540-ல் நீலம், 600-ல் கருநீலம். சூட்டில் இருக்கும் நேரமும் இதை மாற்றும்.

சிக்கல் இருப்பது நிறத்துக்குக் கீழே. சூடான பரப்பில் ஆக்சிஜன் பட்டதும் இரும்பு, குரோமியம் இரண்டுமே ஆக்சைடாகின்றன. இரும்பு ஆக்சைடு வேகமாக வளரும், காப்பு குறைவு. குரோமியம் ஆக்சைடு மெதுவாக வளரும், ஆனால் நெருக்கமானது. அது உருவாகக் குரோமியம் எங்கிருந்து வரும்? படலத்துக்கு நேர் கீழே உள்ள உலோகத்திலிருந்துதான். 304 மாதிரியான ஆஸ்டெனிட்டிக் வகைகளுக்குள் குரோமியம் நகர்வது மிக மெதுவு. வெல்டோ சீக்கிரமே ஆறிவிடுகிறது. எடுத்த குரோமியம் ஈடாவதில்லை. பைப்பின் சர்டிபிகேட்டில் குரோமியம் 18% என்று இருக்கலாம்; அந்த மெல்லிய அடுக்கில் அது கிடையாது. துருவைத் தடுக்கக் குறைந்தது 10.5% வேண்டும் என்பதை வைத்துப் பார்த்தால் ஆபத்து புரியும். பிரஷ் மேலே உள்ள ஆக்சைடைச் சுரண்டிவிட்டு, அந்தப் பலவீனமான அடுக்கை அப்படியே விட்டுவைக்கும். சாதாரண இரும்புக் கம்பி பிரஷ் என்றால் இரும்புத் துகளையும் தேய்த்துவிடும்.

நிறத்தை வரவிடாமல் செய்வதே மலிவான வழி. பைப்பின் உள்ளே ஆர்கான் பர்ஜிங் கொடுங்கள், அதாவது ஆர்கான் வாயுவை விட்டு உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றுங்கள். ஆர்கான் காற்றைவிடக் கனமானது. கீழே விட்டு, மேலே வெளியேற்ற வேண்டும். உள்பகுதியின் கொள்ளளவைப்போல ஐந்தாறு மடங்கு வாயு போக வேண்டும். 100 மி.மீ. உள்விட்டம், 1 மீட்டர் நீளம் என்றால் கொள்ளளவு சுமார் 7.9 லிட்டர், ஆறு மடங்குக்கு ஏறக்குறைய 47 லிட்டர். நிமிடத்துக்கு 10 லிட்டர் விட்டால் ஐந்து நிமிடம் ஆகும். இது குத்துமதிப்புதான். வெளியேறும் வாயில் ஆக்சிஜன் மீட்டர் வைத்து 50 பி.பி.எம்.-க்கு (பத்து லட்சத்தில் 50 பங்குக்கு) கீழே இறங்கிய பிறகே ஆர்க் அடியுங்கள். ஏ.டபிள்யூ.எஸ். (அமெரிக்க வெல்டிங் சங்கம்) டி18.2 வண்ண அட்டையில், எவ்வளவு ஆக்சிஜனுக்கு எந்த நிறம் வரும் என்று காட்ட, 10 பி.பி.எம். முதல் 25,000 பி.பி.எம். வரை பத்துப் படிகள் இருக்கின்றன. எந்தப் படிவரை ஏற்பது என்று வாடிக்கையாளரோடு முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டால் பின்னால் சண்டை இல்லை.

மீட்டர் இறங்கவே இல்லையா? ஜாயின்ட் இடைவெளியில் ஒட்டிய டேப், ஈரமான ஹோஸ், தளர்ந்த கிளாம்ப், இவற்றைப் பாருங்கள். ஜாயின்ட்டின் கடைசித் துண்டை வெல்ட் செய்து மூடும் முன் வாயு ஃப்ளோவைக் குறைக்காவிட்டால் உள்ளழுத்தம் உருகிய ரூட்டை (வெல்டின் அடிப்பகுதியை) வெளியே தள்ளிவிடும். ரூட் பாஸ் (முதல் அடுக்கு வெல்ட்) முடிந்ததும் வாயுவை நிறுத்துவதுதான் அதிகம் நடக்கும் தவறு; இரண்டாம் பாஸின் சூட்டில் உள்பக்கம் மறுபடி நீலமாகிவிடும்.

நிறம் வந்துவிட்டால் பிக்லிங் (ஆக்சைடையும் அதன் கீழுள்ள பலவீனமான அடுக்கையும் அமிலத்தால் கரைத்தெடுப்பது) வேண்டும். வெறும் நைட்ரிக் அல்லது சிட்ரிக் அமிலத்தில் செய்யும் பேசிவேஷன் (காப்புப் படலத்தைச் சீராக்கும் கழுவல்) போதாது; அது வெல்ட் நிறத்தையோ குரோமியம் குறைந்த அடுக்கையோ எடுக்காது. டெண்டரில் இரண்டையும் ஒன்றாக நினைத்து எழுதுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பிக்லிங் பேஸ்ட்டில் நைட்ரிக்கோடு ஹைட்ரோஃபுளோரிக் அமிலமும் இருக்கும். வெயிலில், சூடான பரப்பில் பூசாதீர்கள், காய்ந்து ஒட்டிக்கொள்ளும். காயும் முன் குளோரைடு குறைந்த நீரால் கழுவுங்கள். கழுவிய நீரில் ஃபுளோரைடு, குரோமியம், நிக்கல் எல்லாம் இருக்கும். சுண்ணாம்பிட்டு நடுநிலையாக்காமல் சாக்கடையில் விடக்கூடாது.

ஹைட்ரோஃபுளோரிக் தோலில் பட்டால் உடனே வலிக்காமலும் இருக்கலாம். ஆனால் ஆழமாக ஊடுருவி உடலின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, 2.5% கால்சியம் குளுக்கோனேட் ஜெல் தடவி, உடனே மருத்துவமனைக்கு அனுப்புங்கள். ஜெல் இல்லாத பட்டறையில் பேஸ்ட் டப்பாவைத் திறக்கவே கூடாது.

உலைப் பாகம், சைலன்சர் போன்று சூட்டிலேயே வேலை செய்பவற்றில் இந்த நிறத்துக்காக அமிலத்தை வீணாக்க வேண்டாம். ஓடத் தொடங்கியதும் ஆக்சைடு எப்படியும் வளரும். தண்ணீர் படும் லைனில்தான் கணக்கு வேறு. அங்கே ஹைட்ரோ டெஸ்ட் (நீர் நிரப்பிச் செய்யும் அழுத்தச் சோதனை) முடிந்து வாரக்கணக்கில் நீர் தேங்கினால், நிறம் எடுக்காத வெல்ட் ஓரத்தில் நுண்ணுயிர்கள் ஒட்டி, லைன் ஓடும் முன்பே குழி விழக்கூடும். டெஸ்ட் முடிந்த அன்றே வடித்து, உலர்ந்த காற்றை ஊதிக் காயவிடுங்கள்.