சிமெண்ட் பூசினால் பழைய சுவர் ஏன் உதிர்கிறது?

புதுச்சேரி வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "தாத்தா கட்டிய வீடு. அடிச்சுவர் உதிருதேன்னு நல்லா சிமெண்ட் போட்டுப் பூசினோம். அஞ்சே வருஷத்துல இடுப்பளவு இருந்த ஓதம் ஆள் உயரத்துக்கு ஏறி, வெள்ளையா பூத்திருக்கு. வீட்டில் ஏதோ தோஷம், பரிகாரம் செய்யணும்கிறாங்க. செய்யலாமா?"

பரிகாரம் உண்டு. ஆனால் செய்ய வேண்டியவர் கொத்தனார்.

தாத்தா காலத்துப் பூச்சு சுண்ணாம்பு. சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ சுட்டு, நீரில் நீற்றி, மணலோடு அரைத்துப் பூசினால் அது காற்றிலுள்ள கார்பன் டை ஆக்ஸைடை வாங்கிக்கொண்டு மறுபடி கல்லாகிறது. இது பள்ளியில் படித்ததுதான். சுவாரசியம் அதற்குப் பிறகு.

விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிற மாதிரி, செங்கல்லின் நுண்துளைகள் வழியே மண்ணின் ஈரம் சுவரில் ஏறும். கூடவே உப்பும் ஏறும். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே ஆவியாக விட்டுவிடும். உப்பு பூச்சிலேயே படிகமாகும். பூச்சு கொஞ்சம் கொஞ்சமாகப் பொரிந்து கொட்டும், செங்கல் பிழைத்துக்கொள்ளும். கொட்டுவதுதான் அந்தப் பூச்சின் வேலையே! சிமெண்ட் வழிவிடாது. ஈரம் வெளியேற இடம் தேடி இன்னும் மேலே ஏறுகிறது. உப்பு பூச்சுக்குப் பின்னால், செங்கல்லின் துளைகளுக்குள் படிகமாகி, வளர்ந்து, துளைச் சுவர்களை நெட்டித் தள்ளுகிறது. வெளியே பார்த்தால் பூச்சு திடமாகத்தான் இருக்கும். விரலால் தட்டிப் பாருங்கள், 'டொப்' என்று கேட்கும். பெயர்த்தால் உள்ளே செங்கல், மிளகாய்த் தூள் மாதிரி நகத்தோடு வரும்.

சுண்ணாம்பிடம் எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று. மயிரிழை விரிசல் விட்டால், மழைநீர் மிச்சமிருக்கும் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு போய் விரிசலில் விடும். அங்கே அது கல்லாகி அடைத்துக்கொள்ளும். தன் காயத்துக்குத் தானே மருந்து போட்டுக்கொள்ளும் சுவர்.

இந்த மருந்தும் தீரும். பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடித்தோமே, அது வெறும் அலங்காரமில்லை, சுவருக்குப் புதுச் சுண்ணாம்பு. ஐப்பசிக்கு முன் முற்றத்துத் தூம்பில் சருகு அள்ளுவதும் அப்படியே. வீட்டைப் பூட்டிவிட்டு ஊரைவிட்டுப் போனால் இதெல்லாம் நிற்கும். காக்கை எச்சத்தில் விழுந்த அரச விதை மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

புதுச்சேரித் தமிழ்ப் பகுதியில் வைசியாள் வீதி வீடுகளின் முகப்பைத் திண்ணையும் தாழ்வாரமுமாக மீட்டெடுத்ததற்கு 2008இல் யுனெஸ்கோ விருது கிடைத்தது. நல்ல வேலை. அதே ஊரில் கடற்கரையோரம் நின்ற 19ஆம் நூற்றாண்டின் மேரி (Mairie, பிரெஞ்சுக்காரர் கால நகரசபை) கட்டடம் 2014 நவம்பர் மழையில் சரிந்தது. பழைய தோற்றத்திலேயே கட்டி 2021இல் திறந்தார்கள். விழுந்ததை எழுப்பப் பணம் கிடைத்துவிடுகிறது. சுண்ணாம்பு அரைக்கத் தெரிந்த நாலு கொத்தனாரை உருவாக்கவும், குடியிருப்பவருக்கு வருஷா வருஷம் பராமரிப்புச் செலவு கொடுக்கவும்தான் யாருக்கும் மனசு வருவதில்லை. எனக்கு இதில் கோபம் உண்டு.

வாசகருக்கு: சிமெண்ட்டைப் பதமாகக் கொத்தி எடுங்கள், சுத்தியல் செங்கல்லில் படாமல். ஒரு கோடை முழுக்கச் சுவர் வெறுமனே காயட்டும். பிறகு சுண்ணாம்புச் சாந்து. முடிந்ததும் பளபளப்பாக இருக்கட்டும் என்று எமல்ஷன் பெயிண்ட் மட்டும் அடித்துவிடாதீர்கள். அதுவும் துளையை அடைக்கும்.