இரட்டை டர்போவும் ஒரு பிளைவுட் பலகையும்

எங்கள் மாதவரம் பட்டறைச் சுவரில் ஒன்றரை அடி சதுரத்தில் ஒரு பிளைவுட் பலகை மாட்டியிருக்கிறது. நடுவில் கறுப்பாக ஒரு வட்டத் தடம். சாமி படத்துக்குப் பக்கத்தில் இது எதற்கு என்று டிரைவர்கள் கேட்பார்கள். எஞ்சினில் பவர் ஏற்றித் தரச் சொல்லி வருகிறவர்களிடம் மட்டும் முழுக் கதையையும் சொல்வேன்.

டீசல் பம்ப், டர்போ வேலையில் எனக்கு இருபத்திரண்டு வருடம். டர்போ என்பது எஞ்சின் விடும் புகையால் சுழன்று, காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் சாமான். வருகிற வண்டிகளில் பாதிக்கு மேல் துறைமுகத்துக்கு ஓடும் கன்டெய்னர் டிரெய்லர்கள். மணலியிலிருந்து டேங்கர்கள் வரும், அவ்வப்போது காசிமேட்டிலிருந்து விசைப்படகு எஞ்சினும் வரும். எல்லாரும் கேட்பது இரண்டே கேள்வி: மைலேஜ் கூடுமா, பிக்கப் கூடுமா.

போன வருடம் வந்த பையன் வேறு மாதிரி. திருவொற்றியூரில் ஐந்து டிரெய்லர் ஓட்டும் ஒருவரின் மகன், இன்ஜினியரிங் முடித்தவன். அமெரிக்காவில் பிக்கப் வண்டிகளை டைனோ என்னும் பவர் அளக்கும் இயந்திரத்தின் உருளைமேல் ஏற்றிச் சங்கிலி போட்டுக் கட்டி, இரண்டு டர்போவோடு ஆயிரம் ஹெச்.பி. காட்டும் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து ஆசை வந்துவிட்டது. அப்பா ஓரங்கட்டிய 2515 டிப்பர் ஒன்று ஷெட்டில் கிடந்தது. 25 டன், 150 குதிரை என்பதுதான் அந்தப் பெயருக்கு அர்த்தம். உள்ளே 5.9 லிட்டர், ஆறு சிலிண்டர் கம்மின்ஸ். அமெரிக்காவில் 1989 முதல் டாட்ஜ் பிக்கப்பில் வந்ததும் இதே குடும்பம்தான் என்பதால், பையன் கேட்டதில் பாதி நியாயம் இருந்தது.

“ண்ணா, ரோட்டுக்கு இல்ல. எஞ்சினை இறக்கி டைனோல மட்டும் போட்டுப் பாக்கணும். ஐந்நூறு வருமா?”

பிரச்சினை என்னவென்றால், என்னிடம் வருவதற்கு முன்பே வேறொரு பட்டறையில் பாதி வேலையை முடித்திருந்தான். புதுப்பேட்டை பழைய சாமான் கடையில் வாங்கிய பெரிய டர்போ ஒன்றைக் கீழே தொங்கவிட்டு, பழைய சின்ன டர்போவோடு குழாய் போட்டு இணைத்திருந்தார்கள். பம்பில் டீசலை முடிந்த மட்டும் திறந்தும் விட்டிருந்தார்கள்.

இந்த இணைப்பைப் பற்றி ஒரு வார்த்தை. இரண்டு டர்போ என்றதும் ஆளுக்கு மூன்று சிலிண்டர் என்று பங்கு போட்டு வேலை செய்யும் என்று நினைப்பவர்கள் உண்டு. அது வேறு ஏற்பாடு. இங்கே இருப்பது ‘காம்பவுண்ட்’ ஏற்பாடு, இதில் இரண்டும் வரிசையாக நிற்கும். எஞ்சினை விட்டு வரும் புகை முதலில் சின்ன டர்போவைச் சுற்றிவிட்டு அப்புறம் பெரியதைச் சுற்றும். காற்று எதிர்த்திசையில் வரும்: ஃபில்டர், பெரிய டர்போ, சின்ன டர்போ, காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலர், கடைசியில் எஞ்சின். பெரியது அழுத்திக் கொடுத்த காற்றைச் சின்னது மறுபடி அழுத்துகிறது. அதனால் பிரஷர் கூட்டல் கணக்கில் ஏறாது, பெருக்கல் கணக்கில் ஏறும். வெளிக்காற்றின் அழுத்தம் 14.7 பி.எஸ்.ஐ. அதற்கு மேல் டர்போ ஏற்றும் அழுத்தம்தான் பூஸ்ட், மீட்டர் காட்டுவதும் அதைத்தான். ஒரு டர்போ தனியாக 20 பி.எஸ்.ஐ. பூஸ்ட் கொடுத்தால், காற்று 2.36 மடங்கு அழுந்துகிறது. அதே மாதிரி இரண்டு வரிசையில் நின்றால் ஐந்தரை மடங்கு. மீட்டரில் 40 வரும் என்று எதிர்பார்த்தால், காகிதக் கணக்குப்படி 67. பழைய ஹெட் கேஸ்கட்டும் பழைய போல்ட்டும் இதைத் தாங்குமா என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. ரப்பர் ஹோஸும் சாதாரண கிளிப்பும் போட்டிருந்தார்கள். அதைக் கழற்றி எறிந்ததுதான் நான் செய்த முதல் வேலை.

கழற்றி எறிய வேண்டிய இன்னொன்றை நான் கவனிக்காமல் விட்டேன்.

தெரிந்தவர் ஒருவர் எஞ்சின் கட்டும் இடத்தில் தண்ணீர் பிரேக் டைனோ வைத்திருக்கிறார். வில்லியம் ஃப்ரௌட் 1877-ல் கண்டுபிடித்த அதே தத்துவம்: எஞ்சின் சுற்றும் சக்கரத்தைத் தண்ணீர் இழுத்துப் பிடிக்கும், அந்த இழுவையை அளந்தால் டார்க். அதைச் சுற்றோடு பெருக்கினால் பவர். மே மாதம், மதியம், ஷெட்டுக்குள் 38 டிகிரி. இரண்டாவது ரன் முடிந்து சுமையை இறக்கி, ஆறட்டும் என்று ஐடிலில் விட்டிருந்தோம். மூன்று நிமிடம் ஆகியிருக்கும். யாரும் தொடாமலேயே சுற்று ஏற ஆரம்பித்தது. 900, 1,200, 1,800. வெள்ளையும் நீலமுமாகப் புகை. ஸ்டாப் லீவரை இழுத்தேன், நிற்கவில்லை. பையன் டீசல் லைனையே மூடினான், அப்போதும் நிற்கவில்லை. காற்று நுழையும் வாயில் எங்கள் ஹெல்பர் பக்கத்தில் கிடந்த பலகையைத் தூக்கி அறைந்தான். பலகையைக் குழாய் அப்படியே உறிஞ்சிப் பிடித்துக்கொண்டது. இரண்டு வினாடியில் எஞ்சின் செத்தது.

ரன்அவே என்பது இதுதான். எஞ்சின் தன் ஆயிலையே எரிபொருளாகக் குடிக்கத் தொடங்கிவிட்டால் சாவியோ பம்போ அதைக் கட்டுப்படுத்தாது. நின்ற இடத்தில் ஓடும் எஞ்சினை நிறுத்த ஒரே வழி காற்றை மூடுவது. துணியால் மூடக் கூடாது, உள்ளே இழுத்துவிடும். கையை நினைத்துக்கூடப் பார்க்கக் கூடாது. தட்டையான கெட்டிப் பலகை வேண்டும், இல்லாவிட்டால் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரைக் காற்றுவாயில் பீய்ச்ச வேண்டும். ஓடுகிற வண்டியில் இது நடந்தால் டாப் கியரில் வைத்து, பிரேக்கை முழுதாக மிதித்துக்கொண்டு கிளட்சை விட்டு எஞ்சினைத் திணறடிக்க வேண்டும். சுற்று ரொம்ப ஏறிவிட்டதென்றால் பிளைவீல் நேர்க்கோட்டில் நிற்காமல் விலகி ஓடிவிடுங்கள். போனால் எஞ்சின் போகட்டும்.

ஆயில் எப்படி உள்ளே வந்தது? டர்போவுக்குள் ரப்பர் சீல் இருப்பதாகப் பல மெக்கானிக்குகளே நம்புகிறார்கள். பெரும்பாலும் அங்கே இருப்பது பிஸ்டன் ரிங் மாதிரி ஒரு சின்ன இரும்பு வளையம். இரு பக்கமும் பிரஷர் சரியாக இருந்தால்தான் அது ஆயிலைத் தடுக்கும். பெரிய டர்போவைக் கீழே தொங்கவிட்டிருந்தார்கள் என்றேனே, அதிலிருந்து சம்ப்புக்கு, அதாவது எஞ்சின் அடியில் உள்ள ஆயில் தொட்டிக்கு, திரும்பும் ஆயில் குழாய்க்குச் சரிவே இல்லை. ஆயில் தானாக வழிந்து இறங்க வேண்டிய குழாய் அது, பம்ப் எதுவும் இழுக்காது. இறங்க வழியில்லாமல் தேங்கியது. ஐடிலில் பெரிய டர்போ பூஸ்ட் கொடுக்காது. எஞ்சின் இழுக்கும் இழுப்பில் அந்தப் பக்கம் லேசான வெற்றிடம்தான் இருக்கும். தேங்கிய ஆயில் வளையத்தைத் தாண்டிக் காற்றுக்குழாயில் இறங்கி, இன்டர்கூலரில் குளம் கட்டியிருந்தது. கழற்றிக் கவிழ்த்தபோது முக்கால் லிட்டர் வந்தது. சரிவைப் பார்க்காமல் ஏற்றியது நான். பழைய பட்டறையைக் குறை சொல்லி என்ன செய்ய.

இரண்டு வாரம் கழித்து மறுபடி போனோம். டர்போவை உயரத் தூக்கி, தடிமனான ரிட்டர்ன் குழாயைச் சம்ப்பின் ஆயில் மட்டத்துக்கு மேலே சேர்த்தோம். டர்போவின் நடுவில் சுழலும் பாகத்தை (கோர்) பேலன்ஸ் பார்த்தோம். நிமிடத்துக்கு லட்சம் சுற்றைத் தொடும் சாமான், கொஞ்சம் எடை மாறினாலும் பேரிங்கைத் தின்றுவிடும். ஹெட்டுக்குப் புது ஸ்டட். பலகையும் கூடவே வந்தது, இந்த முறை கைப்பிடி போட்டு.

ட்யூனிங்கில் பையனுக்கு நான் வைத்த ஒரே நிபந்தனை: ஹெச்.பி. திரையைத் திருப்பி வை, இந்த மூன்று மீட்டரை மட்டும் பார். பூஸ்ட் ஒன்று. சின்ன டர்போவுக்கு முன்னால் புகையின் சூடு இரண்டு. அதே இடத்தில் புகையின் எதிர் அழுத்தம் மூன்று. மூன்றாவதைப் பலர் அளப்பதே இல்லை. முதல் ரன்னில் பூஸ்ட் 38, எதிர் அழுத்தம் 71. அதாவது உள்ளே போகும் காற்றைவிட வெளியேற முடியாமல் தவிக்கும் புகைக்குப் பிரஷர் அதிகம். சின்ன டர்போ தொண்டையை அடைத்துக்கொண்டிருக்கிறது. சூடு 760 டிகிரிக்குப் போய்விட்டது. சுத்த அலுமினியம் 660-ல் உருகும், பிஸ்டன் செய்யும் கலவை அதற்கும் முன்பே. அடியில் ஆயில் பட்டுக் குளிர்வதாலும் அந்தச் சூடு ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்ச நேரமே இருப்பதாலும்தான் பிஸ்டன் பிழைக்கிறது. நீண்ட சுமையில் 700-ஐத் தாண்டக் கூடாது என்பது நான் வைத்திருக்கும் கோடு.

சின்ன டர்போவைச் சுற்றாமல் புகையை விலக்கிவிடும் வால்வான வேஸ்ட்கேட்டைச் சீக்கிரம் திறக்க வைத்து, மிச்சப் புகையை நேராகப் பெரியதுக்கு அனுப்பினோம். டீசலைக் குறைத்தோம். பூஸ்ட் ஏறிய பிறகே டீசல் ஏறும்படி, பம்பில் பூஸ்டைப் பார்த்து டீசல் விடும் அனராய்டை முறுக்கினோம். பையனுக்கு முகம் வாடிவிட்டது. பூஸ்ட் 34, எதிர் அழுத்தம் 40, சூடு 640 என்று வந்த பிறகு திரையைத் திருப்பச் சொன்னேன். 2,300 சுற்றில் 310 ஹெச்.பி.

உண்மையைச் சொன்னால் 310-க்கு நல்ல டர்போ ஒன்றே போதும். இரண்டு போட்டதில் கிடைத்த லாபம், 1,500 சுற்றிலேயே புகையில்லாமல் இழுவை வந்தது. லோடு வண்டிக்காரர்களுக்கு அதன் அருமை தெரியும்.

டைனோ எண்ணைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வீடியோவில் வரும் எண் சக்கரத்தில் எடுத்ததா, எஞ்சினில் எடுத்ததா என்று பாருங்கள். கியர்பாக்ஸும் ஆக்சிலும் தின்பது போகத்தான் சக்கரத்துக்கு வரும். 25 டிகிரி வெப்பத்துக்குத் திருத்திய எண்ணா என்றும் கேளுங்கள். நம்மூர் மே மாத மதியத்தில் திருத்தம் எண்ணை அழகாக ஏற்றிக் காட்டும். உருளையை மட்டும் சுழற்றும் டைனோவில் ரன் சில வினாடிகளில் முடிந்துவிடும். பிஸ்டன் சூடாகவே நேரம் போதாது. ஓசூர் ஏற்றத்தில் 25 டன்னோடு இருபது நிமிடம் இழுத்தால்தான் அந்த ட்யூனிங்கின் லட்சணம் தெரியும்.

ரோட்டில் ஓடுகிற வண்டிக்கு இதைச் செய்யச் சொன்னால் நான் செய்வதில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 182ஏ பிரிவில் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். புதிய புகை விதிப்படி வரும் பி.எஸ்.6 வண்டிகளில், டீசல் குழாயின் அழுத்தத்தைச் சொல்லும் ‘ரயில் பிரஷர்’ சென்சாரை ஏமாற்றும் பெட்டி, புகையைச் சுத்தம் செய்யும் யூரியாவை ஊற்றாமல் ஓட வைக்கும் பெட்டி என்று விற்றுக்கொண்டு வருகிறார்கள். முதலாவது நாசிலையும் பம்பையும் தின்னும். இரண்டாவது, அந்த வண்டிக்குப் பின்னால் பைக்கில் போகிறவனின் நுரையீரலுக்குப் போகும்.

பையனின் அப்பா கடைசி நாளில் டைனோவுக்கு வந்திருந்தார். 310-ஐப் பார்த்து அவர் ஒன்றும் சொல்லவில்லை. புகைச் சூட்டு மீட்டரைத்தான் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

“மேஸ்திரி, இதுக்கு என்ன விலை? நம்ம டிரெய்லருக்கெல்லாம் மாட்ட முடியுமா?”

முடியும் என்றேன். இரண்டு வண்டிக்கு மாட்டியாயிற்று. மூன்றாவதை நேற்று காலையே அனுப்புவதாகச் சொன்னார். இன்னும் துறைமுகத்து ஜீரோ கேட் வரிசையில்தான் நிற்கிறதாம்.