கெவுர்ட்ஸ்ட்ரமீனர்: தமிழில் என்னவென்று சொல்வது?

கெவுர்ட்ஸ்ட்ரமீனர் (Gewürztraminer) ஒரு திராட்சை வகை; அதிலிருந்து வரும் வெள்ளை வைனுக்கும் அதே பெயர். கொழும்பு ஹோட்டல்களின் வைன் பட்டியலில், வாயால் சொல்லத் தயங்கி விரலால் தொட்டுக் காட்டப்படும் பெயர் இது. உண்மையில் கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தின் பெயரைப் போன்றதுதான்: முன்னே ஓர் இயல்பு, பின்னே ஓர் ஊர். ஊர் திரமீன். இத்தாலியின் வடபகுதியில், ஜெர்மன் பேசும் தென் திரோலில் உள்ள கிராமம். திரமீனர் என்றால் அவ்வூருக்குரியது.

சிக்கல் முன்பாதியில். 'கெவுர்ட்ஸ்' என்றால் ஜெர்மனில் வாசனைச் சரக்கு. உடனே 'மசாலாத் திரமீனர்' என்று பெயர்த்துவிடத் தோன்றும். அது தவறு. இந்த வைனில் கறுவாவோ கராம்போ போடுவதில்லை, உறைப்பும் கிடையாது. பெயர் சுட்டுவது பழத்தின் இயல்பான மணத்தை. பழைய திரமீனர் திராட்சையிலிருந்து மரபணு மாற்றத்தால் தானாகத் தோன்றிய, மணம் மிகுந்த வகை இது. ரோஜாவும் லைச்சிப் பழமும் கலந்தாற்போல் மணக்கும். அது வெறும் வருணனை அன்று. லைச்சியின் மணத்துக்குக் காரணமான ரோஸ் ஒட்சைட்டு என்ற சேர்மம் இதிலும் இருக்கிறது.

பழத்தோல் இளஞ்சிவப்பு. ஆனால் தோலோடு நெடுநேரம் ஊறவிடாமல் சாற்றைப் பிழிந்தெடுப்பதால் வைன் பொன்னிறமாக வருகிறது. புளிப்புக் குறைவு, மதுசாரம் கூடுதல். ஆசிய உணவுக்கு ஏற்றது என்று எங்கும் எழுதுகிறார்கள். யாழ்ப்பாணத்து நண்டுக்கறிக்கு நான் சொல்லமாட்டேன். மதுசாரம் உறைப்பை இன்னும் ஏற்றிவிடும். தேங்காய்ப்பால் விட்ட வெள்ளைக்கறி என்றால் சரி.

இந்த வைனுக்குப் பெயர்பெற்ற பிரான்சின் அல்சாஸ் பகுதியில், 1973 முதல் கெவுர்ட்ஸ்ட்ரமீனர் என்பதே அதிகாரபூர்வப் பெயர்.

தமிழில்? 'முந்திரிகை ரசம்' என்றால் யாழ்ப்பாணத்தவருக்கு விளங்கும். அங்கே முந்திரிகை திராட்சைதான், கஜு மரமுந்திரிகை. தமிழ்நாட்டு வாசகரோ கஜுவில் ரசம் வைத்ததாக நினைப்பார். 'திராட்சரசம்' தேவாலயத்தை நினைவூட்டும். இருவருக்கும் பொதுவான பழஞ்சொல் தேறல்: தெளிந்த மது. யவனர் கொண்டுவந்த மதுவைப் புறநானூற்றின் 56ஆம் பாட்டில் நக்கீரர் 'தண்கமழ் தேறல்' என்கிறார். குளிர்ச்சி, மணம், கடல்கடந்த வரவு எல்லாம் அதில் உண்டு.

ஆகவே திராட்சைக்குக் 'கமழ் திரமீனர்', வைனுக்குக் 'கமழ் திரமீனர்த் தேறல்' என்பது என் பரிந்துரை. ஊர்ப்பெயரைத் தமிழாக்க வேண்டியதில்லை. பட்டியல் அச்சிடுவோர் மூலப்பெயரையும் பக்கத்தில் போடட்டும். போத்தலில் இருப்பது அதுதானே.