ஒரே நாளில் எண்ணெய் ஓவியம்: முடியும், ஆனால் காயாது

"காலையில ஆரம்பிச்ச ஆயில் பெயின்டிங்கைச் சாயங்காலத்துக்குள்ள எப்படி சார் காயவைக்கிறது?" சென்னை ராயபுரத்தில் நான் நடத்தும் ஓவிய வகுப்பில் புதிதாகச் சேருகிறவர்கள் தவறாமல் கேட்பது இது. காயவைக்க முடியாது. ஒரு நாள் படம் ஈரத்தோடுதான் முடியும். ஈரத்தின் மேலேயே அடுத்த வண்ணத்தை வைத்து, ஒரே மூச்சில் முடிப்பதுதான் 'அல்லா பிரிமா' என்கிற முறை. இது தெரியாமல்தான் ஹேர் டிரையர், மொட்டைமாடி வெயில், மண்ணெண்ணெய், ஹார்டுவேர் கடை தின்னர் என்று ஆளுக்கொரு குறுக்குவழி தேடுகிறார்கள்.

வாட்டர் கலரில் தண்ணீர் ஆவியாகிறது, வண்ணம் காய்கிறது. எண்ணெய் வண்ணத்தில் இருக்கும் ஆளிவிதை எண்ணெய் ஆவியாகாது. காற்றிலுள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு மெல்ல மெல்ல இறுகும். மெல்லிய பூச்சுக்குச் சில நாள், தடித்த பூச்சுக்கு வாரக்கணக்கு. மாங்கனீசு கலந்த அம்பர் பழுப்பு சீக்கிரம் இறுகும். ஐவரி பிளாக் என்கிற கறுப்பு இழுத்தடிக்கும். சூடு காட்டினால் மேலே மட்டும் பால் மாதிரி ஆடை கட்டிக்கொள்ளும். உள்ளே பிசுபிசுப்பு அப்படியே கிடக்கும், பிறகு மேல்தோல் சுருங்கும். மண்ணெண்ணெய் ஊற்றினால் வண்ணத்தின் பிடிப்பே போய்விடும்.

சரி, ஒரு நாளுக்கு எதை வரைவது? காசிமேட்டில் காலையில் ஒரு சங்கரா மீன் வாங்கிக்கொள்ளுங்கள். காத்திருக்காத பொருள் அது. முதுகின் செம்மை நேரம் ஆக ஆக வெளுக்கும், கண்ணில் மங்கல் படரும். அதனாலேயே கை சோம்பாது. (ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. நல்ல மீன் கிடைக்காவிட்டால் மாம்பழம் இருக்கிறது.)

படம் போடும் பலகை 6×8 அங்குலம் போதும், 8×10-ஐத் தாண்ட வேண்டாம். வெள்ளை, மஞ்சள், கிரிம்சன் சிவப்பு, அல்ட்ராமரைன் நீலம், பர்ன்ட் அம்பர் என ஐந்து டியூப். கண்ணைச் சுருக்கிப் பார்த்து, இருட்டான இடங்களை முதலில் மெல்லியதாகப் போடுங்கள். சந்து வீடுகளில் ஜன்னல் வெளிச்சம் சீக்கிரம் இடம் மாறும். நிழலை ஒருமுறை குறித்துவிட்டால் அப்புறம் அதைத் துரத்தாதீர்கள். மீனின் வெள்ளி நிறத்துக்குத் தனி டியூப் தேடவும் வேண்டாம். அல்ட்ராமரைனும் அம்பரும் சேர்ந்த சாம்பலில் வெள்ளையும் துளி கிரிம்சனும் போதும். வயிற்றுப் பக்கம் அதைத் தடிமனாக ஒரு இழுப்பு இழுத்து, கையை எடுத்துவிடுங்கள். இன்னொருமுறை தேய்த்தால் அடியில் இருக்கும் ஈரம் கிளம்பி எல்லாம் சேறாகும். ஒவ்வொரு இழுப்புக்கும் பிரஷ்ஷைத் துணியில் துடைப்பதுதான் இந்த முறையில் பாதி வேலை. கண்ணில் வைக்கும் வெள்ளைப் புள்ளி கடைசி. மூன்று மணி நேரம் வண்ணத்துக்குப் பக்கத்தில் கிடந்த அந்த மீனைக் குழம்பு வைக்கலாமா என்று மட்டும் கேட்காதீர்கள்.

நான் பயப்படுவது வேறு விஷயத்துக்கு. தண்டையார்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் பல வீடுகளில் படம் போடும் இடமும் கேஸ் அடுப்பும் ஒரே அறையில். வண்ணத்தை இளக்கவும் பிரஷ் கழுவவும் பயன்படுத்தும் டர்பன்டைனின் ஆவி ஏறக்குறைய 35 டிகிரியிலேயே தீப்பற்றும் நிலைக்கு வந்துவிடும். நம்மூர் மே மாதத்துக்கு அது சாதாரண வெயில். தின்னர் இன்னும் மோசம். மூடிய அறையில் தலைவலியும் தலைச்சுற்றலும் நிச்சயம். ஒரு நாள் படத்துக்கு இரண்டுமே தேவையில்லை. வண்ணத்தை டியூபிலிருந்து வந்தபடியே பயன்படுத்துங்கள். பிரஷ்ஷைச் சூரியகாந்தி எண்ணெயில் அலசித் துடைத்து, சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். கழுவுவதற்கு முன் பிரஷ்ஷைத் துடைத்த வண்ணத்தைச் சாக்கடையில் விடாதீர்கள். கையைக் கழுவாமல் டீ டம்ளரைத் தொடவும் வேண்டாம். சில மஞ்சள், சிவப்பு டியூப்களில் இருக்கும் கேட்மியம் என்கிற உலோகம் விஷம்.

துடைத்த துணி இருக்கிறதே, அதைக் கசக்கி மூலையில் போடவே கூடாது. ஆளிவிதை எண்ணெய் இறுகும்போது சூடு வரும். சுருண்ட துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் ஏறிக்கொண்டே போய், யாரும் தீக்குச்சி உரசாமலேயே பற்றிக்கொள்ளும். தண்ணீர் ஊற்றிய தகர டப்பாவில் போட்டு மூடி வையுங்கள்.

முடிந்த படத்தைப் பீரோவில் வைக்காதீர்கள், இருட்டில் எண்ணெய் மஞ்சளடிக்கும். நேர் வெயில் படாத வெளிச்சமான சுவரில், தூசி ஒட்டாத உயரத்தில் மாட்டுங்கள். வழக்கமான வார்னிஷ் பூச ஆறு மாதமாவது ஆகட்டும். ஈரப் படத்தை பாலிதீனில் சுற்றினால் வண்ணம் கவரோடு வந்துவிடும். பிறந்தநாளுக்கு வேண்டும் என்று அவசரப்படுகிறவர்களுக்குப் படத்தின் போட்டோவை முதலில் அனுப்பிவிட்டு, படத்தை அடுத்த மாதம் கொடுங்கள்.