கதைக்குள் எது நிஜம்? மூளை போடும் கணக்கு

"சில சிறுகதைகளைப் படித்து முடித்த பிறகும், நடந்தது நிஜமா அந்த ஆளின் பிரமையா என்று பிடிபடுவதே இல்லை. அது ஏன்?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. பதில் சொல்ல முதலில் ஆய்வுக்கூடத்துக்குப் போக வேண்டும்.

கண்ணில் விழும் ஒளி விழித்திரையில் நரம்புச் செய்தியாக மாறி, மூளையின் பின்பகுதிக்குப் போய் உருவமாகிறது. இது பள்ளிப் பாடம். கண்ணை மூடிக்கொண்டு ஒரு பொருளைக் கற்பனை செய்தாலும், ஏறக்குறைய அதே பகுதிகள்தான் வேலை செய்கின்றன. பார்ப்பதற்கும் நினைப்பதற்கும் ஒரே இடம் என்றால், இரண்டையும் மூளை எப்படிப் பிரித்தறிகிறது?

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் செவ்ஸ் பெர்க்கி செய்து 1910-இல் வெளியிட்ட சோதனை இதற்கு அருமையான தொடக்கம். ஒரு கண்ணாடித் திரையைப் பார்த்தபடி வாழைப்பழத்தைக் கற்பனை செய்யச் சொன்னார். வந்தவர்களுக்குத் தெரியாமல், திரையின் பின்னாலிருந்து நிஜமாகவே ஒரு வாழைப்பழ உருவத்தை மிக மங்கலாக விழச் செய்தார். கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வெளிச்சம் கூடிய பிறகும், அவர்கள் அதைத் தங்கள் கற்பனை என்றே விவரித்தார்கள். பழம் நிமிர்ந்து நிற்பதைப் பார்த்த ஒருவர், மரத்தில் காய்த்திருப்பதை நினைத்திருப்பேன் போலிருக்கிறது என்று தானே காரணமும் சொல்லிக்கொண்டார்! வெளியிலிருந்து வந்த காட்சிக்கு உள்ளிருந்து ஒரு காரணம் கற்பித்த அந்த நொடியை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது.

நூறாண்டு கழித்து, 2023-இல், லண்டன் ஆய்வாளர்கள் நடீன் டைக்ஸ்ட்ராவும் ஸ்டீபன் ஃபிளெமிங்கும் இதை நவீன முறையில் ஆராய்ந்தார்கள். நிஜக் காட்சியும் கற்பனையும் மூளையில் ஒன்றாகவே கலக்கின்றன. கலவையின் பலம் ஒரு வரம்பைத் தாண்டினால் 'நிஜம்' என்கிறோம், தாண்டாவிட்டால் 'நினைப்பு' என்கிறோம் என்பது அவர்கள் முடிவு. அதாவது, கற்பனை போதிய அளவு தெளிவாக இருந்தால் அதுவும் நிஜமாகிவிடும். இருட்டில் பேயைப் பார்த்தேன் என்பவரைப் பொய்யர் என்று நான் சொல்ல மாட்டேன். அவர் பார்த்ததாக உணர்ந்தது உண்மை. பேய் இருந்தது என்பதற்குத்தான் அது சாட்சியாகாது. வாழைப்பழக் கற்பனையால் என்ன பயன் என்று ஒருவர் அன்று கேட்டிருந்தால் பதில் சொல்வது கடினமாக இருந்திருக்கும். இன்று மனச்சிதைவு நோயில் வரும் மாயக்காட்சிகளை விளங்கிக்கொள்ள அந்தச் சோதனை எழுப்பிய கேள்விதான் உதவுகிறது. உடனடிப் பயன் தெரியாத ஆய்வுகளுக்கும் பணம் ஒதுக்கியே ஆக வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சரி, கதைக்கு வருவோம். கதையில் வரும் நிஜ மரமும், நாயகன் பிரமையில் காணும் மரமும் நமக்கு எழுத்தாகவே வருகின்றன. இரண்டையும் நாம் கற்பனைதான் செய்கிறோம். ஆகவே பலத்தை வைத்துப் பிரிக்கும் அந்த வரம்பு இங்கே கைகொடுக்காது. மிஞ்சுவது இன்னொரு வழி. மார்சியா ஜான்சனும் கேரல் ரேயும் 1981-இல் நினைவுகளைப் பற்றி விளக்கியது அது: நிஜமாக நடந்தவற்றின் நினைவில் நிறம், ஒலி, இடம், நேரம் முதலியவை அதிகம் இருக்கும், கற்பனை செய்தவற்றில் நாம் யோசித்த தடயம் அதிகம் இருக்கும்.

தேர்ந்த எழுத்தாளர் இந்தத் தடயங்களை இடம் மாற்றி வைத்துவிடுகிறார் என்பது என் வாசிப்பு. "அன்று அலுவலகம் போய் வந்தான்" என்று நிஜத்தை ஒரே வரியில் கடந்துவிடுவார். இறந்துபோன அக்கா வீட்டுக்கு வரும் இடத்திலோ, "மூன்றாம் படியில் செருப்பைக் கழற்றினாள், இடது வார் பிய்ந்து, ஊக்கு குத்தியிருந்தது" என்று எழுதுவார். கதைக்கு அந்த ஊக்கு தேவையே இல்லை. தேவையில்லாததால்தான் நம்புகிறோம்: இட்டுக்கட்டுபவருக்கு ஊக்கு எதற்கு?

நாவல் என்றால் அடுத்த அத்தியாயத்தில் வேறொரு பாத்திரம் வந்து அந்தப் படியைப் பார்க்கும். சிறுகதையில் பெரும்பாலும் ஒரே ஆளின் கண்தான் நமக்கு உண்டு; படியில் செருப்பு கிடந்ததா என்று வேறு யாரையும் கேட்க முடிவதற்குள் கதை முடிந்துவிடுகிறது.