உதவித்தொகைப் பணம் எங்கே நின்றுபோகிறது?

சாதிச் சான்று சரி, வருமானச் சான்று சரி, மதிப்பெண்ணும் போதும். விண்ணப்பம் ஏற்கப்பட்டதாகத் தளத்திலும் காட்டுகிறது. ஆனால் மார்ச் மாதம் வந்த பிறகும் கணக்கில் பணம் ஏறவில்லை. கல்லூரி அலுவலகத்தில் "கவர்மென்ட் இன்னும் போடல" என்கிறார்கள். வங்கியில் "ஆதார் லிங்க் ஆகித்தான் இருக்கு" என்கிறார்கள். தமிழ்நாட்டில் உதவித்தொகைப் பிரிவுகளில் வேலை செய்கிறவர்கள் ஒவ்வோர் ஆண்டும் கேட்கும் புகார் இது. தகுதியுள்ள பிள்ளையின் பணம் இப்படி வழியில் நிற்பதைப் பெரும்பாலும் தடுத்துவிடலாம்.

முதலில் வங்கிக் கணக்கு. 'ஆதார் லிங்க்' என்ற ஒரே சொல்லில் இரண்டு வேறு வேலைகளைச் சொல்லிவிடுகிறோம். வாடிக்கையாளர் விவரமாக ஆதார் எண்ணைக் கணக்கில் பதிவது ஒன்று. அரசு அனுப்பும் நேரடிப் பணம் (டி.பி.டி.) இந்தக் கணக்குக்குத்தான் வரவேண்டும் என்று என்.பி.சி.ஐ. எனும் தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகத்தின் பட்டியலில் ஏற்றுவது, அதாவது 'சீடிங்', இன்னொன்று. உதவித்தொகைக்கு இரண்டாவது கட்டாயம். கிளையில் 'ஆதார் லிங்க் பண்ணுங்க' என்று மட்டும் கேட்டால் முதலாவதோடு முடித்துவிடுவார்கள். 'டி.பி.டி.க்காக என்.பி.சி.ஐ. சீடிங் வேண்டும்' என்று சொல்லி, அதற்கான ஒப்புதல் படிவத்தைக் கையெழுத்திட்டுக் கொடுங்கள்.

சீடிங் நடந்ததா என்று வங்கியைக் கேட்டுக்கொண்டிருக்கத் தேவையில்லை. மை ஆதார் தளத்தில் ஓ.டி.பி. கொடுத்து நுழைந்து 'பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்' பகுதியைத் திறந்தால் எந்த வங்கி, நடப்பில் உள்ளதா என்று தெரியும். இதற்கு ஆதாரில் இருக்கும் கைபேசி எண் உங்கள் கையில் இருக்க வேண்டும். பழைய எண் என்றால் முதல் வேலையாக ஆதார் மையத்துக்குப் போய் மாற்றுங்கள். ஓர் ஆதார் எண்ணுக்கு ஒரு கணக்குதான் பட்டியலில் நிற்கும். கடைசியாக ஏற்றியதே செல்லும். பள்ளியில் தொடங்கிய கணக்கு ஒன்று, கல்லூரி வளாகக் கிளையில் தொடங்கியது ஒன்று என்று இருந்தால், நீங்கள் பார்க்காத கணக்கில் பணம் கிடக்கலாம். இரண்டு ஆண்டு வரவு செலவு இல்லாத கணக்கு செயலற்றதாகிவிடும் என்பதையும், முழு ஆவணம் இல்லாமல் தொடங்கிய 'ஸ்மால் அக்கவுண்ட்'டில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய்க்கு மேல் வரவு வைக்க முடியாது என்பதையும் மறந்துவிடாதீர்கள். பதினெட்டு வயதுக்கு முன் தொடங்கிய கணக்கு என்றால், வயது நிறைந்ததும் புதிய கையெழுத்தும் ஆவணமும் கொடுத்து மாற்றியாக வேண்டும்.

அடுத்த சிக்கல் நம் ஊருக்கே உரியது: இனிஷியல். மதிப்பெண் சான்றில் 'செல்வி கு', ஆதாரில் 'குமார் செல்வி', பாஸ்புக்கில் வெறும் 'செல்வி'. நமக்கு மூன்றும் ஒரே பெண். பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிடும் கணினிக்கு மூன்று பேர். பத்தாம் வகுப்புச் சான்றில் உள்ளதை அடிப்படையாக வைத்து ஆதாரைத் திருத்துங்கள், பிறகு வங்கியைத் திருத்துங்கள். வரிசை மாறினால் இரட்டை வேலை. ஆதாரில் பெயர் மாற்றத்துக்கு வாழ்நாளில் இரண்டே வாய்ப்பு என்பதால் எழுத்துப் பிழை பார்த்துக் கொடுங்கள்.

வருமானச் சான்றை இ-சேவை மையத்திலோ வீட்டிலிருந்தே இணையத்திலோ விண்ணப்பிக்கலாம். வி.ஏ.ஓ., ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) வழியாக வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போய்த் திரும்ப வேண்டும். பிளஸ் டூ முடிவு வந்த பிறகு எல்லாரும் ஒரே வாரத்தில் போய் நிற்பார்கள், ஏப்ரலிலேயே போட்டுவிடுங்கள். சான்று ஓராண்டுதான் செல்லும். பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட, ஆதிதிராவிட, பழங்குடி மாணவர்களுக்கான மேற்படிப்பு உதவித்தொகையில் பெற்றோரின் ஆண்டு வருமான வரம்பு 2.5 லட்சம் ரூபாய். ஒரே ஆண்டில் இரண்டு திட்டங்களுக்கு இரண்டு வேறு தொகையுள்ள சான்றுகளைக் கொடுப்பது தீராத தலைவலியில் முடியும்.

இனி சொல்லப்போவதைக் கல்லூரியில் சேரும் முன்பே படிக்க வேண்டும். நிர்வாக ஒதுக்கீட்டில் சேரும் இடத்துக்கு ஆதிதிராவிடர் மேற்படிப்பு உதவித்தொகையில் கல்விக் கட்டணம் கிடைக்காது. குடும்பத்தில் முதலில் பட்டம் படிப்பவருக்கான முதல் பட்டதாரிச் சலுகையும் ஒற்றைச்சாளரக் கலந்தாய்வில் இடம் பெற்றவர்களுக்கே. 'சேர்ந்துடுங்க, ஸ்காலர்ஷிப் நாங்க வாங்கித் தரோம்' என்று முகவர் சொன்னால், எந்த ஒதுக்கீட்டில் சேர்க்கிறீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். முதல் பட்டதாரிச் சான்றைக் கலந்தாய்வு விண்ணப்பம் போடும்போதே கையில் வைத்திருங்கள். அண்ணனோ அக்காவோ அந்தச் சலுகையில் படித்திருந்தால் தம்பி, தங்கைக்குக் கிடையாது. ஆறிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்து, 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் பொறியியல், மருத்துவம் போன்ற தொழிற்படிப்பில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. இது தெரியாமல் வேறு வழியில் சேர்ந்து, கடன் வாங்கிப் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். மனம் வலிக்கிற விஷயம் இது.

புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்றும், தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்ட் 9 அன்றும் தொடங்கின. இரண்டிலும் மாதம் 1,000 ரூபாய். ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியிலோ, அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்திருக்க வேண்டும். வேறு உதவித்தொகை வாங்கினாலும் இது கிடைக்கும். பள்ளியில் கொடுத்த எமிஸ் எண்ணை (பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் பதிவு எண்)க் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பள்ளியில் எத்தனை ஆண்டு படித்தீர்கள் என்பதற்கு அதுவே சாட்சி.

மத்திய அரசின் கல்லூரி மாணவர் உதவித்தொகையை நம் பிள்ளைகள் தவறவிடக் காரணம் ஒரு சொல். '80 பெர்சன்டைல்' என்பதை 80 சதவீத மதிப்பெண் என்று படித்துவிடுகிறார்கள். அந்த வாரியத்தில் அந்தப் பாடப்பிரிவில் எழுதிய நூறு பேரை வரிசையாக நிறுத்தினால் மேலே உள்ள இருபது பேரில் ஒருவராக இருக்க வேண்டும் என்பதே பொருள். குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். இளநிலையில் முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய், முதுநிலையில் 20,000. புதுப்பிக்க 50 சதவீத மதிப்பெண்ணும் 75 சதவீத வருகையும் வேண்டும். ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் தொழில்நுட்பம் படிக்கும் பெண்களுக்கான 'பிரகதி'யில் ஆண்டுக்கு 50,000. குடும்ப வருமான வரம்பு 8 லட்சம். ஒரு குடும்பத்தில் இரண்டு பெண்கள் வரை பெறலாம். 40 சதவீதத்துக்குக் குறையாத மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கு அதே தொகை 'சக்ஷம்' திட்டத்தில் உண்டு. இவற்றுக்கு தேசிய உதவித்தொகைத் தளத்தில் முதலில் ஓ.டி.ஆர். எண் (ஒருமுறைப் பதிவு எண்) எடுக்க வேண்டும். ஆதார் முக அடையாளச் சரிபார்ப்பு இருப்பதால், கடைசி நாள் இரவில் முடித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள்.

இத்தனைக்கும் பிறகு பற்றாக்குறை இருந்தால் கல்விக் கடன். வங்கிகளின் மாதிரிக் கடன் திட்டத்தில் 4 லட்சம் வரை அடமானமும் இல்லை, நம் பங்காக முன்பணமும் இல்லை. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில், பட்டியலில் உள்ள உயர்தரக் கல்வி நிறுவனங்களில் சேர்ந்தவர்களுக்கு அடமானமும் ஜாமீனும் இல்லாமல் கடன் உண்டு. உதவித்தொகை வருமா என்று தெரியும் முன் முழுக் கட்டணத்துக்கும் கடன் எடுத்துவிடாதீர்கள். படிக்கும் காலத்திலும் வட்டி ஓடும்.

விண்ணப்பம் அனுப்பியதும் வேலை முடிந்ததாகப் பலரும் நினைத்துவிடுகிறார்கள். கல்லூரியில் உதவித்தொகைப் பொறுப்பில் உள்ள நோடல் அலுவலர் தன் கணக்கில் நுழைந்து சரிபார்த்து மேலே அனுப்பினால்தான் அது துறைக்குப் போகும். தளம் மூடும் நாளுக்குள் அவர் அனுப்பாவிட்டால், மாணவரிடம் ஒரு தவறும் இல்லாதபோதும் அந்த ஆண்டுப் பணம் போய்விடும். விண்ணப்பித்த மறுநாளே அச்சுப் பிரதியையும் சான்று நகல்களையும் கொடுத்து, தேதியோடு ஒப்புகை வாங்குங்கள். வாரம் ஒருமுறை தளத்தில் நிலையைப் பாருங்கள். 'டிஃபெக்டிவ்' (குறையுள்ளது) என்று திரும்பி வந்தால் அது நிராகரிப்பு இல்லை. திருத்திக் கொடுக்கலாம், ஆனால் குறிப்பிட்ட நாட்களுக்குள். கல்லூரி நிலையிலேயே இரண்டு வாரம் நின்றால் முதல்வருக்கு எழுத்தில் கொடுங்கள். அதற்கும் அசையாவிட்டால் ஒப்புகைச் சீட்டோடு மாவட்ட ஆட்சியர் வளாகத்தில் உள்ள பிற்படுத்தப்பட்டோர் நல அலுவலரையோ ஆதிதிராவிடர் நல அலுவலரையோ நேரில் பாருங்கள். தளம் திறந்திருக்கும்போதே போனால்தான் அவர்களால் கல்லூரியை அழைத்து அனுப்பச் சொல்ல முடியும்.